மூளையை ஏமாற்றும் மாத்திரை!

கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் ஆனால் போதும். "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி வீடு தேடி வந்துவிடும். "இல்லை" என்றால் எல்லார் கண்ணும் மருமகள் மீதுதான் பாயும். கோவில் கோவிலாக அழைத்துப் போவார்கள். அரச மரத்தைச் சுற்றச் சொல்வார்கள். கடைசியில் யாராவது ஒருத்தி காதோடு சொல்வாள்: "என் நாத்தனார் ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டாள். மறு மாசமே நின்றுவிட்டது. நீயும் அதையே வாங்கிச் சாப்பிடேன்!"

நல்ல மனசோடு சொல்லும் யோசனைதான். ஆனால் தவறான யோசனை. அந்த மாத்திரை உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், ஏன் தவறு என்பது புரிந்துவிடும்.

உத்தரவு போடுவது யார்?

பெண்ணின் அடிவயிற்றில், கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. அவற்றுள் ஏராளமான கருமுட்டைகள் உறங்கிக் கிடக்கின்றன. மாதந்தோறும் பெரும்பாலும் ஒன்றே ஒன்று முதிர்ந்து வெளியே வரும். அது ஆணின் விந்தணுவோடு சேர்ந்தால் கரு உண்டாகும். சேராவிட்டால் மாதவிலக்கு வரும்.

முட்டையை வளர்க்கும் உத்தரவு வயிற்றில் பிறப்பதில்லை. தலையில் இருந்து வருகிறது! மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. அதற்கு மேலே இருக்கும் மூளைப் பகுதி ஒரு மேஸ்திரி மாதிரி. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று அது கவனித்துக்கொண்டே இருக்கும். குறைந்தால், "முட்டையை வளர்த்து விடு!" என்று பிட்யூட்டரியை முடுக்கும். போதுமான அளவு இருந்தால் சும்மா இருக்கும்.

சில பெண்களிடம் இந்த ஏற்பாடு ஒழுங்காக நடப்பதில்லை. சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லப்படும் கோளாறு உள்ள பலருக்கு முட்டை வெளிவருவது தடைப்படுகிறது. மாதவிலக்கும் மாதக்கணக்கில் தள்ளிப் போகிறது.

போலிச் சாவி

இவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று குளோமிஃபீன். 1956-ம் ஆண்டு அமெரிக்காவில் மெரல் என்ற மருந்துக் கம்பெனியில் இது தயாரிக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், எலிகளிடம் இது முட்டை வருவதைத் தடுத்தது! பெண்களிடமோ நேர்மாறாக வேலை செய்தது. முட்டை வராதவர்களுக்கு முட்டை வந்தது. டாக்டர் ராபர்ட் கிரீன்பிளாட்டும் அவருடன் வேலை செய்தவர்களும் 1961-ல் இதை உலகுக்கு அறிவித்தார்கள். 1967-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

ஒரு பூட்டில் போலிச் சாவியைச் செருகி வைத்துவிட்டால், அசல் சாவி உள்ளே போக முடியாது அல்லவா? குளோமிஃபீன் செய்வதும் அதுதான். மூளையில் ஈஸ்ட்ரோஜன் வந்து சேரும் இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்கிறது. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் இருந்தும் மூளையின் கண்ணுக்குப் படுவதில்லை. "ஐயோ, குறைந்துவிட்டதே!" என்று மூளை ஏமாந்து போகிறது. உத்தரவு பறக்கிறது. முட்டை வளர்கிறது. வழக்கமாக ஐந்து நாள் மாத்திரை. கடைசி மாத்திரை சாப்பிட்டு ஐந்து முதல் பத்து நாளுக்குள் பெரும்பாலும் முட்டை வெளிவரும்.

இன்னொரு மாத்திரை லெட்ரோசோல். இது மார்புப் புற்றுநோய்க்காக வந்த மருந்து. இது ஏமாற்றுவதில்லை. ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே சில நாள் குறைத்துவிடுகிறது. பலன் ஒன்றுதான். நீர்க்கட்டி உள்ள 750 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி 2014-ல் வெளிவந்தது. லெட்ரோசோல் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கும், குளோமிஃபீன் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 19 பேருக்கும் குழந்தை பிறந்தது. இந்தியாவில் 2011-ல் இதைக் குழந்தைப்பேறுக்குக் கொடுக்கத் தடை போட்டார்கள். 2017-ல் தடையை எடுத்துவிட்டார்கள்.

கடையில் வாங்கலாமா?

கூடவே கூடாது. உத்தரவு பலமாகப் போனால் ஒரு முட்டைக்குப் பதில் இரண்டு, மூன்று முட்டைகள் வந்துவிடும். குளோமிஃபீனால் கர்ப்பமாகும் நூறு பேரில் ஏழெட்டுப் பேருக்கு இரட்டைப் பிள்ளை உண்டாகிறது. இரட்டைப் பிள்ளை என்றால் கேட்க இனிக்கும். ஆனால் குறைப்பிரசவ ஆபத்தும் அதோடு கூடவே வரும். சிலருக்குச் சினைப்பை வீங்கி வயிறு வலிக்கும். சிலருக்குக் கண் மங்கும். கண் மங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

ஏற்கெனவே கர்ப்பமாக இருப்பவள் இதைச் சாப்பிடக் கூடாது. அதனால் முதலில் சோதனை, பிறகு மாத்திரை, நடுவே ஸ்கேன் என்று டாக்டர் முறை வைத்திருக்கிறார். மருந்துக் கடைக்காரர் இதையெல்லாம் பார்க்க முடியுமா? நாத்தனாருக்குச் சரிப்பட்ட அளவு மற்றவளுக்கும் சரிப்படும் என்று யார் சொல்ல முடியும்?

கணவன் எங்கே?

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இந்த மாத்திரை செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான். அது முட்டையை வெளியே வரவழைக்கும். கருக்குழாய் அடைத்திருந்தால் அதைத் திறக்காது. கணவனிடம் உயிரணு குறைவாக இருந்தால், மனைவி எத்தனை மாத்திரை விழுங்கியும் பயன் இல்லை.

குழந்தை இல்லாத தம்பதிகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஆணிடமும் காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, கத்தி இல்லை, வலி இல்லை. செலவும் குறைவு. ஆனாலும் மனைவி மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்ட பிறகும், கணவன் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத வீடுகள் உண்டு. கௌரவம் போய்விடுமாம்! தேவையில்லாத மருந்தை மனைவி விழுங்கும்போது மட்டும் கௌரவம் நிற்கிறதா?

ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கர்ப்பம் இல்லை என்றால் டாக்டரைப் பார்க்கலாம். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதம் போதும். போகும்போது இரண்டு பேரும் சேர்ந்து போக வேண்டும். மகனை முதலில் கிளம்பச் சொல்ல வேண்டியது மாமியார்தான். அவர் சொன்னால் மகன் தட்ட மாட்டான்.