நாலாவது காரணத்துக்கு மட்டும் கதவு

காசு கட்டினால் காடு திறக்கும் என்றாகிவிட்டது. தமிழக வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையின் செண்பகத்தோப்பு–புதுப்பட்டியும் ஒன்று. பாதை திறந்ததில் நமக்கு வருத்தமில்லை. அடிவாரத்து இளைஞர்கள் வழிகாட்டிகளாக நாலு காசு பார்க்கிறார்கள், நல்லது. ஆனால் பைனாகுலரும் நோட்டுமாக விடியலில் போய் உட்கார நினைக்கும் ராஜபாளையத்துக்காரருக்கும் அதே முன்பதிவு, அதே கட்டணம், அதே வரிசை நடைதானா?

மலையேறுவது வேறு, பறவை பார்ப்பது வேறு. இருட்டு விலகும் முன்பே ஓடைப் பாறையில் சீகாரப் பூங்குருவி விசிலடிக்கத் தொடங்கிவிடும். தெருப்பையன் யாரோ அடிக்கிறான் என்றுதான் புதிதாகக் கேட்பவர் நினைப்பார். வெயில் ஏறினால் அடங்கிவிடும். நரை அணில் தரைக்கு இறங்குவதே அபூர்வம். கடித்துத் துப்பிய புளியங்காய் ஓடு கீழே விழுவதை வைத்துத்தான் அண்ணாந்து தேட வேண்டும். கழுத்து வலிக்க ஒரே மரத்தடியில் நின்றால் வாலாவது தெரியும். கூட்டத்தோடு கிலோமீட்டர் எண்ணி நடப்பவருக்கு இது எங்கே வாய்க்கும்?

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவை ஒருமுறை புரட்டுங்கள். சரணாலயத்துக்குள் செல்ல அனுமதி தரலாம் என்று அது சொல்லும் காரணங்களில் முதலாவது, வன உயிரினங்களை ஆராய்ந்து அறிவது. பிறகு புகைப்படம், அறிவியல் ஆய்வு. சுற்றுலாவுக்கு நாலாவது இடம். அந்த நாலாவதுக்கு இணையதளம் வைத்தாயிற்று. முதலாவதுக்கு மனு எழுதிவிட்டு, தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதிக்காகச் சென்னைத் திசை பார்த்து உட்கார வேண்டும்!

பறவைக் கணக்கெடுப்பு என்றால் மட்டும் தன்னார்வலர்கள் வேண்டும். சம்பளமில்லாமல் வர வேண்டும். எண்ணி முடித்த மறுநாள் அவர்கள் அந்நியர்கள். 1988இல் இந்த மலை சரணாலயமானதே நரை அணிலுக்காகத்தான். 2021இல் மேகமலையையும் சேர்த்து, நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமாக்கினார்கள். அணிலைத் தேடிப் போகிறவர்களை அதன்பின் யார் நினைத்தார்கள்?

வனத்துறையினருக்குத் தெரிந்தது இரண்டே வேலை: பூட்டுவது, கூட்டம் சேர்ப்பது. 2015 மே மாதம் இதே மலையின் சதுரகிரிக் கோயில் பாதையில் காட்டாற்று வெள்ளம் பக்தர்களை அடித்துக்கொண்டு போன பிறகுதான் மழை, ஓடை, நேரம் எல்லாம் நினைவுக்கு வந்தன. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் காட்டுத்தீ, மலையேறப் போனவர்களில் 23 உயிர்களைக் கொண்டுபோனது. உடனே மாநிலம் முழுக்க மலையேற்றத்துக்குத் தடை, அதன்பின் விதிமுறை. நடந்த பிறகு விழித்துக்கொள்வதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆடி அமாவாசைக்குப் பல்லாயிரம் பேர் ஏறும் மலையில், மரத்தடியில் வாய் திறக்காமல் நிற்கும் மூன்று பேர்தான் காட்டுக்கு ஆபத்தா? அப்படித்தான் நடத்துகிறார்கள்.

சுற்றுவட்டார ஆர்வலர்களுக்கென்று தனியாக ஒரு வழி செய்ய வேண்டும். பதிவேடோ, அடையாள அட்டையோ, உள்ளூர் அலுவலகத்திலேயே கையெழுத்தோ, எப்படிச் செய்வது என்பது வனத்துறையின் பாடு. அடுத்த கணக்கெடுப்புக்கு ஆள் கேட்டு அறிவிப்பு வருவதற்குள் செய்யட்டும்.