சாவிக் கொத்தும் கையெழுத்து நோட்டும்

கம்ப்யூட்டர் விஷயம் எழுத இந்தக் கிழவனுக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஆனால் முப்பத்து நான்கு வருஷம் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவனுக்குப் பூட்டு, சாவி, பதிவேடு மூன்றும் நன்றாகத் தெரியும். இன்று எழுதப் போவது அந்த மூன்றைப் பற்றித்தான்.

மாப்பிள்ளையூரணியில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு என் மருமகள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். அவள் பராமரிக்கிற இயந்திரங்கள் மும்பையில், அமேசான்காரர்களின் கட்டடத்தில் இருக்கின்றன. வாடகை இயந்திரங்கள், கிளவுட் சர்வர் என்கிறார்கள். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் மும்பையிலிருந்து பதில் வருகிறது. படமும் இல்லை, பட்டனும் இல்லை. பார்க்கும்போது எனக்குப் பழைய தந்தி அலுவலகம்தான் ஞாபகத்துக்கு வரும்.

அந்த இயந்திரத்துக்குள் போகப் பல வருஷமாக உள்ள வழிக்கு எஸ்.எஸ்.எச். என்று பெயர். 1995-இல் பின்லாந்தில், ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாட்டு இலோனென் என்பவர் உண்டாக்கியது. அதற்கு முன்பு கடவுச்சொல் கம்பி வழியே அப்படியே போகும். நடுவில் ஒட்டுக் கேட்பவன் எடுத்துக்கொள்ளலாம். அவருடைய பல்கலைக்கழக வலையிலேயே அப்படித் திருட்டு நடந்த பிறகுதான் இந்தப் பூட்டைச் செய்தார். நல்ல பூட்டு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் பூட்டு என்றால் சாவி உண்டு. கதவும் தெருவைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும். கதவுக்கு எண் 22.

2023 டிசம்பர் வெள்ளத்தை நம் ஊர்க்காரர்கள் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. எங்கள் தெருவிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர், கரண்ட் இல்லை, செல்போன் இல்லை. நாலாம் நாள் எல்லோரும் மதுரையில் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். போன கையோடு மருமகள் மடிக்கணினியைத் திறந்தாள். சர்வர் கதவு திறக்கவில்லை. எங்கள் வீட்டு இணைய முகவரியிலிருந்தும் சென்னை அலுவலகத்திலிருந்தும் வந்தால் மட்டுமே திறக்கும்படி வைத்திருந்தார்களாம். சென்னைக்குப் போன் போட்டாள். அந்த நேரத்தில் வேலையில் இருந்தவர் அவசரத்துக்கு, எந்த முகவரியிலிருந்து வந்தாலும் திறக்கும்படி மாற்றிவிட்டார். “ஒரு ராத்திரிக்குத்தானே, காலையில் மூடிக்கலாம்” என்றாராம். காலையில் யாரும் மூடவில்லை.

பிப்ரவரியில் ஒரு வாடிக்கையாளர் பழைய கோப்புகளைக் கேட்டபோது அவை இல்லை. யாரோ உள்ளே போய் அழித்திருக்கிறார்கள். யார்? ஐந்து பேருக்கும் ஒரே சாவி, உள்ளே நுழையும் பெயரும் ஐந்து பேருக்கும் ஒன்றே. நுழைந்தவர் குறிப்பு அந்த இயந்திரத்துக்குள்ளேயேதான் இருந்தது. அதிலும் நாலு வாரத்துக்கு மேற்பட்டதைத் தானே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு. கதவைத் திறக்கச் சொன்னவள் என்ற ஒரே காரணத்துக்காக விசாரணை இவள் பக்கம் திரும்பியது. மூன்று வாரம் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

“உன் பேர் அதுல இல்லைன்னு சொல்லிர வேண்டியதுதானம்மா” என்றேன்.

“என் பேர் மட்டும் இல்லாம இருந்தா பரவாயில்ல மாமா. யாரு பேருமே அதுல இல்ல” என்றாள்.

கடைசியில் தற்செயலாக விஷயம் வெளிப்பட்டது. எப்போதோ வேலையை விட்டுப் போனவர் ஒரு பழைய கணினியில், தினமும் ராத்திரி சர்வருக்குள் போய்ப் பழைய கோப்புகளைத் துடைக்கும்படி கட்டளை எழுதி வைத்திருந்தார். அந்தச் சாவியும் அதிலேயே கிடந்தது. கதவு மூடியிருந்தவரை அது தினமும் வந்து முட்டித் திரும்பிப் போயிருக்கிறது. கதவு திறந்த ராத்திரி உள்ளே போய் வேலையை முடித்துவிட்டது. திருடன் என்று யாருமே இல்லை. ஆனாலும் ஒரு பெண் மூன்று வாரம் திருடி மாதிரி நடத்தப்பட்டாள்.

எனக்கு இது புதிதல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் அலுவலகப் பெட்டகத்தில் ஸ்டாம்புக் கட்டு ஒன்று குறைந்தது. இளைய குமாஸ்தா நான். எல்லார் கண்ணும் என் மேல். என்னைக் காப்பாற்றியது வாசலில் இருந்த காவலாளியின் நோட்டு. சாவியை யார் வாங்கினார், எத்தனை மணிக்கு, எப்போது திருப்பிக் கொடுத்தார் என்று கையெழுத்தோடு இருந்தது. அந்த வாரம் நான் சாவியைத் தொடவே இல்லை. நோட்டு எங்கள் பிரிவில் இல்லாமல் காவலாளியிடம் இருந்ததால்தான் அதை எல்லோரும் நம்பினார்கள்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே பிறப்பு, திருமணம், இறப்பு எழுதும் ‘எத்தா சிவில்’ பதிவேட்டைப் பெரியவர்கள் வேதம் மாதிரி மதிப்பார்கள். பிரெஞ்சுச் சட்டப்படி அதை இரண்டு பிரதியாக எழுத வேண்டும். வருஷம் முடிந்ததும் ஒன்று மேரி என்கிற நகராட்சியில் இருக்கும், மற்றது நீதிமன்றத்துக்குப் போய்விடும். ஒன்றில் கை வைத்தால் மற்றது காட்டிக்கொடுக்கும். இப்படிப்பட்ட பதிவை ‘ஃபே ஃபுவா’ என்பார்கள். சாட்சியாக நிற்கும் என்று அர்த்தம். ‘ஃபுவா’ என்றால் நம்பிக்கை. நம்பிக்கை ஆளின் முகத்தில் இல்லை, ஏட்டில் இருக்கிறது என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

அந்தக் கலவரத்துக்குப் பிறகு கம்பெனி முறையை மாற்றியது. அமேசான் 2018 செப்டம்பரில் கொண்டுவந்த ‘செஷன் மேனேஜர்’ என்ற ஏற்பாடு அது. மருமகள் சொல்லிக் கொடுத்ததை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். இப்போது 22-ஆம் கதவே கிடையாது, சுவர்தான். சர்வருக்குள் ஒரு சின்ன ஏவலாள் நிரல் ஓடுகிறது. அது உள்ளேயிருந்து வெளியே அமேசானின் வாசலுக்கு ஒரு கயிறு நீட்டி, “எனக்கு ஏதாவது வேலை உண்டா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கும். மருமகள் தன் கணினியில் ‘ஏ.டபிள்யூ.எஸ். எஸ்.எஸ்.எம். ஸ்டார்ட்-செஷன்’ என்று தட்டி, எந்த இயந்திரம் என்று எண்ணைக் கொடுப்பாள். வாசலில் இவள் யார், இந்த இயந்திரத்துக்குப் போக அனுமதி உண்டா என்று பார்த்து, பெயரும் நேரமும் எழுதிக்கொண்டு, இரண்டு கயிற்றையும் முடிந்து விடுகிறார்கள். உள்ளே என்னென்ன தட்டினாள் என்பதையும் தனியிடத்தில் சேமிக்கும்படி வைத்துக்கொள்ளலாம். வேலையை விட்டுப் போனவரின் பெயரை அடித்துவிட்டால் போதும்; சாவியைத் தேடி அலைய வேண்டியதில்லை. கூகுள், மைக்ரோசாஃப்ட்காரர்களிடமும் இதே நோக்கத்தில் வேறு பெயர்களில் கருவிகள் உண்டு. அவற்றில் பழைய எஸ்.எஸ்.எச். பூட்டு உள்ளே அப்படியே இருக்கும், ஆனால் காவலாளியைத் தாண்டித்தான் அதைத் தொட முடியும்.

நம் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. ஆனாலும் குளிக்க இறங்குகிறவனின் கயிறு மேலே ஒரு நம்பிக்கையான ஆள் கையில் இருக்க வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மருமகள் விளக்கியபோது எனக்கு அதுதான் தோன்றியது.

மறுப்பு உண்டு. முதலாவது, காவலாளியே மயங்கி விழுந்தால் என்ன செய்வது? 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் நின்றது. அவர்கள் தங்கள் வலையை இணையத்திலிருந்து தாங்களே துண்டித்துக்கொண்டதால், பழுது பார்க்க வேண்டியவர்களாலும் தூரத்திலிருந்து உள்ளே போக முடியவில்லை. நேரில் ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. ஆகவே மாற்றுச் சாவி ஒன்று வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அதை உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்து வேறு அலுவலகத்தில் ஒப்படைத்திருந்தோம். முத்திரையை உடைத்தால் ஏன் என்று எழுத வேண்டும். அதே முறை இங்கேயும் போதும்.

இரண்டாவது, தட்டுவதையெல்லாம் எழுதி வைப்பது வேவு பார்ப்பதாகாதா? ஆகும், அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம் என்றிருந்தால். எங்கள் காவலாளியின் நோட்டை மேலதிகாரி வம்புக்காகப் புரட்டியதில்லை. ஏதாவது காணாமல் போனால்தான் திறப்பார்கள். அந்த வரம்பைக் கம்பெனி எழுத்தில் கொடுக்க வேண்டும். ஊழியரும் தன்னைப் பற்றிய பக்கத்தைக் கேட்டுப் பார்க்க உரிமை வேண்டும்.

மூன்றாவது, சின்னக் கம்பெனிக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். நம் அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி போட்ட உத்தரவின்படி, கணினிப் பதிவுகளை 180 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கதையில் அந்தப் பதிவு இருந்திருந்தால் மூன்று வாரம் மூன்று மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

இதை வாசிக்கிற பலருடைய பிள்ளைகளும் மருமக்களும் இதே வேலையில் இருக்கிறார்கள். பாதுகாப்பு என்றால் திருடனைத் தடுப்பது என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். திருடாதவரைக் காப்பாற்றுவது அதைவிடப் பெரிய வேலை என்பது என் கருத்து. அடுத்த முறை அவர்கள் போன் செய்யும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள்: “உங்க ஆபீஸ்ல சாவி எத்தனை பேர்கிட்ட இருக்கு? நோட்டு யார்கிட்ட இருக்கு?”