கதாநாயகன் எந்தத் தெரு?

"ரமணிசந்திரன் நாவலைப் பொண்ணோட உட்கார்ந்து படிக்கிறீங்களாமே, இதுவா விடுதலை?" என்று ஆம்பளைத் தோழர்கள் கேட்கிறார்கள். படிக்கிறோம்தான். ஒகேனக்கல்லில் மீன் வறுத்து விற்று, அடுப்பை அணைத்த பிறகு ப்ளஸ் ஒன் படிக்கும் மகள் வாசிக்கிறாள், நான் கேட்கிறேன்.

நாங்கள் படித்தவற்றில் பணக்காரன், ஏழை உண்டு. ஊடல் உண்டு. ஊர், சேரி மட்டும் கிடையாது. "இவன் எந்தத் தெரும்மா?" என்று அவள்தான் கேட்டாள். நம்ம விமர்சகர்கள் யாராவது கேட்டார்களா?

இதே தர்மபுரி மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று, ஒரு காதல் மணத்தைச் சாக்காக வைத்து நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகரில் 250க்கும் மேற்பட்ட நம் வீடுகளைச் சாதி வெறியர்கள் சூறையாடிக் கொளுத்தினார்கள். 2013 ஜூலை 4இல் இளவரசன் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தான். அவர்கள் காதலித்தால் நாவல். நம்ம பையன் காதலித்தால் 'நாடகக் காதல்'. ஜீன்ஸ் போட்டால்கூடக் குற்றமாம்!

கலப்பு மணமே சாதிக்கு மருந்து என்று அம்பேத்கர் 1936லேயே எழுதிவிட்டார். அதை மேடையில் முழங்குகிற தோழர்களே, உங்க மகளிடம் காதலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதுண்டா? யாரை நம்பலாம், எவன் அடிப்பான், சாதி எங்கே வந்து மறிக்கும் என்று? எனக்கு அந்தப் பேச்சைத் தொடங்கிக் கொடுத்தது இந்த மாத நாவல்தான். உங்க வீட்டில் எது தொடங்கிக் கொடுத்தது, சொல்லுங்க.