ஆபத்துக்கு ஒரு பை

புயல் கடலோரத்தாரின் கவலை என்று பாப்பாரப்பட்டியில் நாம் வாளாவிருப்பதற்கில்லை. 2024-ஆம் வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் பெஞ்சல் புயலால், ஒரே நாளில் நமது ஜில்லாவின் அரூரில் 33 சென்டிமீட்டரும், அடுத்த ஜில்லா ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும் மழை கொட்டிற்று.

இத்தகைய சமயத்தில் அண்டை வீட்டில் அரிசி கைமாற்றாகக் கிடைக்கும். ஆனால், ரண சிகிச்சையால் வயிற்றில் துவாரம் அமைத்து, மலம் பையில் சேரும்படி வாழ்வோருக்கு வேண்டிய பை எங்கே கிடைக்கும்? ஆகையால் இரண்டு வாரத்துக்குரிய பைகள், அளவாக வெட்டிய ஒட்டுத்தகடுகள், துணி ஆகியவற்றை நனையாத உறையிலிட்டுக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தல் நலம். வெப்பத்தில் பசை இளகும். காலாவதித் தேதியையும் கவனிக்க வேண்டும். சிறுகுடலில் துவாரம் அமைத்தவர்க்கு உப்பும் நீரும் விரைவில் குறையும். வெறும் ஜலம் போதாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் அவசியம். சிகிச்சையின் பெயர், பையின் அளவு, உண்ணும் மருந்துகள் எழுதிய சீட்டும் உடனிருக்கட்டும். 108 வண்டியில் நினைவிழந்து கிடந்தாலும் அச்சீட்டு பேசும்.

எல்லாவற்றினும் பெரிய அபாயம் வெட்கமே. பை மாற்றும் முறையை வீட்டில் இன்னொருவரும் கற்றிருத்தல் வேண்டும். உயிர் காத்த சிகிச்சையை மறைப்பானேன்?