நாற்சந்தியில் யாரை எண்ணுகிறோம்?

சிலப்பதிகாரப் புகார் நகரின் நாற்சந்தியில் சதுக்கப் பூதம் நின்றது. தவறிழைப்போரைப் பாசத்தால் பிணித்துத் தண்டிப்பது அதன் பணி. இன்றைய நகரச் சந்திப்புகளிலும் கம்பங்களின்மேல் கண்கள் முளைத்துவிட்டன. வரும் வாகனங்களை எண்ணிப் பச்சை நேரத்தைத் தாமே கூட்டிக் குறைக்கும் இவற்றைத் திறன்மிகு சமிக்ஞைகள் என்கிறார்கள். இவற்றை நாம் எதிர்க்கவில்லை. இவற்றின் கண்ணுக்கு யார் தெரிகிறார்கள் என்பதே நம் கேள்வி.

உலகின் முதல் போக்குவரத்து விளக்கு 1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றத்தின் அருகே நிறுவப்பட்டது. இரயில்வே பொறியாளர் ஜே.பி. நைட் வடிவமைத்த எரிவாயு விளக்கு அது. ஒரு காவலர் கையால் இயக்கினார். அடுத்த மாதமே அது வெடித்து அவரைக் காயப்படுத்தியது. குதிரை வண்டிகளுக்கிடையே நடந்து கடப்போருக்கு வழி திறப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

பின்னர் வந்த பொறியியல் அந்த நோக்கத்தைப் பின்னுக்குத் தள்ளியது. 1958இல் பிரிட்டனின் வெப்ஸ்டர் தந்த புகழ்பெற்ற சூத்திரம், வாகனங்களின் தாமதத்தைக் குறைப்பதையே இலக்காகக் கொண்டது. 1970களில் சிட்னியில் ஸ்காட்ஸும் பிரிட்டனில் ஸ்கூட்டும் உருவாயின. சாலைக்கடியில் புதைத்த கம்பிச்சுருளின்மேல் உலோகம் வந்ததும் அதன் மின்தூண்டல் மாறும். அதைக் கொண்டு வாகனங்களை அறிந்து, சமிக்ஞை நேரத்தை இவை மாற்றுகின்றன. அருமையான ஏற்பாடுதான். ஆனால் உடம்பில் இரும்பில்லாதவன் அந்தச் சுருளைப் பொறுத்தவரை இல்லாதவனே.

தடம் பிரித்து ஓடாத நம் சாலைகளுக்குச் சுருளைவிடக் கேமராக்கள் பொருந்துகின்றன. கேமரா மனிதரையும் காணும். கண்டும் கணக்கில் சேர்க்காவிட்டால் பழி கருவியுடையதன்று, வடிவமைத்தவருடையது.

அண்மையில் நாம் அன்றாடம் கடக்கும் சந்திப்பொன்றில், பூக்கூடையோடு வந்த மூதாட்டி பாதிச் சாலையில் இருக்கும்போதே விளக்கு மாறிவிட்டது. இருபுறமும் ஒலிப்பான்கள் அலற, அவர் அசையாமல் நின்றார். உடன் வந்த மாணவர் கைகாட்டி வண்டிகளை நிறுத்தி அவரை அழைத்துவந்தார். கணக்கு எளியது. 24 மீட்டர் சாலையை வினாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 20 வினாடிகளில் கடப்பார், 0.8 மீட்டர் நடப்பவருக்கு 30 வினாடிகள் வேண்டும். ஓர் உயிருக்கும் சாவுக்கும் இடையே இருப்பது அந்தப் பத்து வினாடிகள்தாம்.

நடப்போருக்கு நேரம் கூட்டினால் நெரிசல் பெருகும் என்பார்கள். மாறா நேர விளக்குக்கு அவ்வாதம் பொருந்தும். ஆளிருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு சுற்றிலும் அது 30 வினாடிகளை ஒதுக்கியாக வேண்டும். தேவையானபோது மட்டும் தருவதற்கல்லவா திறன் வேண்டும்? சிங்கப்பூரில் 2009 முதல், முதியோரும் உடற்குறை உள்ளோரும் தம் சலுகை அட்டையைச் சமிக்ஞைக் கம்பத்தில் காட்டினால், சாலையின் அகலத்துக்கேற்ப 3 முதல் 13 வினாடிகள் வரை கூடுதலாகப் பெறுகிறார்கள். லண்டனில் 2021இல் சில இடங்களில் முறையையே தலைகீழாக்கினார்கள். அங்கே நடப்போருக்கான பச்சையே இயல்பு நிலை. வாகனம் நெருங்கும்போதுதான் அது மாறும். தொழில்நுட்பம் தடையன்று என்பதற்கு இவையே சான்று.

பேருந்தின் கதையும் இதுவே. அறுபது பேர் நெருக்கியடித்து வரும் பேருந்தைச் சாலைக் கணக்கு ஏறத்தாழ மூன்று கார்களுக்கு நிகராகவே மதிக்கிறது; சாலையில் அது அடைக்கும் இடமே அங்கே அளவுகோல். தலைகளை எண்ணினால் பச்சை வேறு பக்கம் எரியும். சூரிச் நகரம் டிராம்களுக்குச் சமிக்ஞையில் முன்னுரிமை தந்து பல்லாண்டுகள் ஆகின்றன.

ஆகவே, ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே நகராட்சிகள் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது நம் கோரிக்கை: தாமதத்தை வாகனக் கணக்கில் அன்றி மனிதக் கணக்கில் அளக்க வேண்டும், அதில் நடப்பவரும் ஒருவர். அந்த வரி இல்லாதவரை, எத்தனை கண்கள் முளைத்தாலும் மூதாட்டியைக் கரைசேர்க்க மாணவரின் கைதான் வர வேண்டியிருக்கும்.