39 லிட்டர் தண்ணீர்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு காப்பியைப் போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். தம்ளரில் குடியுங்கள். ஏன் தம்ளர் என்று போகப் போகத் தெரியும்.

போன மாதம் எங்கள் அண்ணாச்சியின் அடியந்திரம் நடந்தது. வந்திருந்தவர்களுக்கு நன்றி. சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை, புளிசேரி அண்ணாச்சிக்குப் பிடித்த மாதிரியே இருந்தது. குறை மேசை மேல் இருந்தது. முதலில் ஒரு பிளாஸ்டிக் தாள் விரிப்பு. அதன் மேல் வாழையிலை மாதிரி பச்சை அச்சடித்த பூச்சுக் காகிதம். ஒவ்வொருவர் முன்னாலும் 300 மில்லி தண்ணீர் பாட்டில். பாயசத்துக்குக் காகிதக் கப்பு. இலையில் பாயசத்தை விட்டு மட்டிப்பழத்தைப் பிசைந்து சாப்பிட்டு வளர்ந்த நாம், காகித இலையில் மட்டிப்பழத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். நம் மட்டிப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கொண்டாடினோமே, அந்த வாழையின் இலை நமக்கு வேண்டாதது ஆகிவிட்டது.

கடைசிப் பந்தி முடிந்ததும் நான் போகாமல் நின்றேன். முப்பத்து மூன்று வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவனுக்கு எண்ணாமல் இருக்க முடியாது. வாங்கியது 480 பாட்டில். திறந்தது 412. அதில் பாதியோ அதற்கு மேலோ தண்ணீர் மிச்சம் இருந்தவை 260. குறைந்தபட்சம் 150 மில்லி என்று வைத்தாலும் 260-ஐ 150-ஆல் பெருக்கினால் 39,000. அதாவது 39 லிட்டர் குடிதண்ணீர். எல்லாவற்றையும் எச்சில் காகிதத்தோடும் மிச்சச் சோற்றோடும் சேர்த்துக் கறுப்புப் பைகளில் கட்டினார்கள்.

அன்று ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதை எழுதினேன். என் தங்கை மகன் பதில் போட்டான்: “மாமா, காலம் மாறிப்போச்சு. பாட்டிலை வச்சா தண்ணி விளம்ப ஆளு வேண்டாம், கழுவ ஆளு வேண்டாம். சௌகரியம்னு ஒண்ணு இருக்குல்லா.” அதற்குப் பதினான்கு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். என் சொந்த மகளும் அதில் ஒருத்தி.

அந்தப் பதினான்கு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சௌகரியத்துக்கு எதிரி இல்லை. எங்கள் அம்மா ஈர விறகை ஊதி ஊதி இருமியதைப் பார்த்தவன் நான். வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்த நாளை மறக்க மாட்டேன். ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது ஆரோக்கியம் என்று பேசுகிற ஆண்களில் யாரும் ஒருநாள்கூட ஆட்டியதில்லை. எங்கள் வீட்டிலும் இப்போது பாக்கெட் மாவுதான், அவளுக்கு முழங்கால் வலி. பேச்சிப்பாறை அணையும் ஒரு சௌகரியம்தான். 1897-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்தார்கள். கோதையாற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாக நம் வயலுக்கும் குளத்துக்கும் வந்தது அதனால்தான். ஆனால் அது ஊருக்கே பொதுவான சௌகரியம். நூறு வருஷம் கழித்தும் பலன் தருகிறது. ஒரு பாட்டில் எனக்கு மிச்சப்படுத்துவது ஒரு நிமிஷம். அதன் பாரம் எனக்குப் பின்னாலும் நூறு வருஷத்துக்கு மேல் மண்ணில் கிடக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே தட்டில் நிறுக்காதீர்கள்.

இப்போது “ஆள் வேண்டாம்” என்ற வாதம். பதினான்கு பேரும் இதைத்தான் பெரிதாகச் சொன்னீர்கள். கணக்கைப் பார்ப்போம். 480 பாட்டில், ஒன்று 6 ரூபாய், மொத்தம் 2,880 ரூபாய். பில்லை நான் பார்த்தேன். நம் ஊரில் ஒரு பெண்ணுக்கு ஒருநாள் கூலி 700 என்றால் நான்கு பேருக்கு 2,800. நாலு பெண்கள் உட்கார்ந்து வெந்நீரில் தம்ளர் கழுவக் கொடுக்க வேண்டிய காசைத்தான் பாட்டில் கம்பெனிக்குக் கொடுத்தோம். தம்ளர் வாடகைக்கு இன்னும் கொஞ்சம் ஆகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் “பாட்டில்தான் லாபம்” என்ற பேச்சு அந்தப் பில்லுக்கு முன்னால் நிற்காது. ஊருக்குள் சுற்ற வேண்டிய காசு ஊரை விட்டுப் போனது, அவ்வளவுதான்.

இதில் ஒரு நியாயமான கேள்வியை என் பழைய மாணவி ஒருத்தி தனியாகக் கேட்டாள். “சார், அந்தக் காலத்தில் எச்சில் இலை எடுத்ததும் பாத்திரம் கழுவினதும் யார்? எங்கள் அம்மாதானே. கடைசிப் பந்திக்கு மிஞ்சின சோற்றைத்தானே கூலி என்று கொடுத்தார்கள். பாட்டிலும் காகித இலையும் வந்ததால் எங்கள் வீட்டுப் பெண்கள் அதிலிருந்து விடுபட்டார்கள் என்று நான் நினைக்கிறேன். அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறீர்களா?”

அந்தக் கேள்விக்கு இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. பழைய காலத்தைப் பற்றி ஏக்கத்தோடு பேசுகிற நம்மவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவள் சொன்னது உண்மை. பந்தியில் யார் உட்காரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்று வகுத்து வைத்திருந்த காலம் அது. அந்தக் காலம் திரும்பி வர வேண்டாம், ஒருநாளும் வேண்டாம்.

ஆனால் மகளே, அந்தப் பெண்கள் விடுபட்டார்களா? அடியந்திரத்துக்கு மறுநாள் காலையில் அந்தக் கறுப்புப் பைகளைத் தூக்கியது யார்? சோறும் சாம்பாரும் பாட்டிலும் ஒட்டிக்கிடந்த அந்தக் குவியலைக் கையால் பிரித்தது யார்? துப்புரவுப் பணியாளர்கள். அதே வகை வீடுகளிலிருந்து வருகிற பெண்கள். முன்பு அந்த வேலை நம் கொல்லைப்புறத்தில் நம் கண் முன்னால் நடந்தது. கூலி குறைவு என்றால் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவாவது முடிந்தது. இப்போது நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில், இன்னும் மோசமான அழுக்கில் நடக்கிறது. வேலை ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. அதைப் பார்க்க வேண்டிய கூச்சத்திலிருந்து நாம்தான் விடுபட்டோம்.

நாகர்கோவில்காரர்களுக்கு வலம்புரிவிளை என்று சொன்னால் போதும். நகரத்துக் குப்பை எல்லாம் போய்ச் சேர்ந்த உரக்கிடங்கு. அங்கே தீப்பிடித்தது, புகை மண்டியது என்று எத்தனை தடவை செய்தி படித்திருக்கிறோம். அந்தப் புகையைச் சுவாசித்தது சுற்றிலும் குடியிருக்கிற ஜனங்கள். மண்டபத்தில் பாட்டில் மூடியைத் திருகியவர்கள் யாரும் அங்கே குடியிருக்கவில்லை. சௌகரியம் ஒரு இடத்தில், செலவு வேறொரு இடத்தில். அதனால்தான் அது இலவசம் மாதிரித் தெரிகிறது.

அடுத்த வாதம் சுத்தம். “யாரோ குடித்த தம்ளரில் எப்படிக் குடிப்பது?” சரி. அப்படியென்றால் ஓட்டலில் எப்படிக் குடிக்கிறீர்கள்? நன்றாகக் கழுவிய எவர்சில்வர் தம்ளரில் சுத்தக்குறைவு ஒன்றும் கிடையாது. காகிதக் கப்பு சுத்தம் என்பவர்களுக்கு ஒரு தகவல். காகிதம் தண்ணீரில் ஊறாமல் இருக்க உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறார்கள். கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் அதில் 100 மில்லி சூடான திரவத்தை ஊற்றி 15 நிமிஷம் வைத்துப் பார்த்தார்கள். சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலந்திருந்தன. சூடான பாயசத்தை எதில் குடித்தோம் என்று நினைத்துப் பாருங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பு மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் வக்கீலும் நிறைந்த நம் குடும்பம், தடை செய்த மூன்று பொருளையும் ஒரே மேசையில் வைத்து, அதன் முன்னால் அமர்ந்து அண்ணாச்சியின் நேர்மையைப் பற்றிப் பேசியது.

“நாம் மட்டும் மாறி என்ன ஆகப்போகிறது, ஊரே இப்படித்தான்” என்பது கடைசி வாதம். இதை வேறு மாவட்டத்துக்காரன் சொல்லலாம், நாம் சொல்லக் கூடாது. 2010 வாக்கில் ராஜேந்திர ரத்னூ நம் ஆட்சியராக இருந்தபோது நடந்தது ஞாபகம் இருக்கிறதா? மாநிலம் முழுக்கத் தடை வருவதற்குப் பல வருஷம் முன்பே நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் பையை நிறுத்தினார்கள். முதல் வாரம் எல்லோரும் முணுமுணுத்தோம். பிறகு வடசேரிச் சந்தைக்குத் துணிப்பையோடு போனோம். யாரும் செத்துப்போகவில்லை. நீலகிரியில் 2019 முதல் சிறிய தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது, தண்ணீர் பிடிக்க ஏ.டி.எம். வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் இருக்கிற நம் பிள்ளைகளைக் கேளுங்கள். அங்கே 2003 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசைக் கொடுக்கிறார்கள். இது நமக்குப் புதிதா? கோலி சோடா குடித்துவிட்டுப் பாட்டிலைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்தவர்கள்தானே நாம்.

என் தவறு ஒன்றையும் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு வெறும் உபதேசம் ஆகிவிடும். 1996-ல் எங்கள் வீட்டுக்குக் குழாய் இணைப்பு வந்தது. இனி கிணறு எதற்கு, இறைக்கிற பாடு எதற்கு என்று கிணற்றை மூடி, மேலே ஸ்கூட்டர் நிறுத்த ஒரு ஷெட் போட்டேன். அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. 2016-17 வறட்சியில் குழாயில் காற்று மட்டும் வந்தபோது, லாரித் தண்ணீருக்காக இரண்டு குடத்தோடு தெருவில் நின்றேன். அப்பா வெட்டிய கிணற்றின் மேல் என் ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது.

அன்றுதான் ஒன்று விளங்கியது. புதிய சௌகரியம் வரும்போது பழைய வழியையும் நாம் கையோடு அழித்துவிடுகிறோம். அதற்குப் பிறகு அது சௌகரியம் இல்லை, அது இல்லாமல் முடியாது என்ற நிலைமை. போன வாரம் வாடகைப் பாத்திரக் கடைக்காரர் ஒருவரிடம் தம்ளர் கேட்டேன். “சார், யாரும் கேட்கிறதில்லை. ஆயிரம் தம்ளரை எடைக்குப் போட்டுட்டேன், மிச்சம் ஐந்நூறு இருக்கும்” என்றார். அந்த ஐந்நூறும் போய்விட்டால், பாட்டில் வேண்டாம் என்று ஒரு வீட்டார் நினைத்தால்கூட வேறு வழி இருக்காது. எனக்கு அவசரம் அதனால்தான்.

ஆவணியில் பேத்தி கல்யாணம். அழைப்பிதழ் பிறகு வரும். இது பற்றி என் மகளோடு இரண்டு வாரமாகச் சண்டை. “அப்பா, வருகிறவர்கள் முன்னால் தண்ணீருக்கு ஆள் இல்லாமல் நின்றால் மானம் போகும்” என்கிறாள். அவள் பயம் எனக்குப் புரிகிறது. கல்யாண வீட்டில் ஓடுகிற ஓட்டம் அவளுக்குத்தான், எனக்கு நாற்காலி. கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்திருக்கிறோம். தண்ணீர் விளம்ப ஆள் பிடித்துக் காட்டினால் பாட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே கணக்கு இது. மூன்று பந்தி, பந்திக்கு 200 பேர். தம்ளர் 400, அந்தக் கடைக்காரரிடம் சொல்லி வைத்துவிட்டேன். கழுவ நான்கு பேர், கூலி ஆளுக்கு 1,000 ரூபாய், கையில் ரொக்கம், முதல் பந்தியிலேயே சாப்பாடு. மண்டபத்துக்குள் வாழையிலையில், எல்லோரோடும். என்னிடம் கேள்வி கேட்ட மாணவிக்கு இது என் பதில். இலைக்கட்டு என் பொறுப்பு. தண்ணீர் விளம்பப் பந்திக்கு நான்கு பேராக மொத்தம் பன்னிரண்டு பேர் வேண்டும். ஒருவருக்கு முக்கால் மணி நேர வேலை. ஆண் பிள்ளைகளாக இருந்தால் நல்லது, பெண்கள் இதுவரை விளம்பியது போதும்.

வர முடிகிறவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். கட்டைவிரல் மட்டும் காட்டிவிட்டுப் போகிறவர்களை வருகைப் பதிவில் சேர்க்க மாட்டேன். தங்கை மகனே, உன் பெயரை முதல் ஆளாக நானே எழுதிவிட்டேன். மாமா மேல் கோபம் இருந்தால் அன்றைக்கு ஜக்கைக் கையில் வைத்துக்கொண்டு திட்டு.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்