இல்லாத படத்திற்கு விமர்சனம்

2022 நவம்பரில் இணைய இரசிகர்கள் கூடி ஒரு திரைப்படத்தைப் 'பார்த்தார்கள்'. பெயர் 'கொஞ்சரோவ்'. 1973-இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி தொடர்பில் வந்த, நேப்பல்ஸ் நகரத்து மாஃபியா கதையாம். அப்படியொரு படமே கிடையாது! ஒருவர் காத்யா என்ற பாத்திரத்தின் மனத்தை அலச, மற்றொருவர் கடிகாரக் காட்சிகளுக்கு விளக்கம் எழுதினார். இன்னொருவர் இசையே அமைத்துவிட்டார். ஸ்கோர்செஸியும் தம் மகளிடம், ஆமாம், எப்போதோ எடுத்தேன் என்று விளையாட்டில் சேர்ந்துகொண்டார்.

வெட்டி வேலை என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முன்னவர் எழுதியதை வரி விடாமல் படித்தால்தானே அடுத்தவர் அந்தப் பொய்யை வளர்க்க முடியும்?

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் கட்டுரைகளில் சிவப்பு மை நின்றுபோனது. இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. பல்கலைக்கழகம் வந்த பிறகு எழுதிய கதைகளுக்கெல்லாம் 'சூப்பர் லா' என்ற ஒரே விமர்சனம்தான். (தலைப்பையாவது படித்தார்களே!)

நண்பர்களே, இம்மலரில் உங்கள் படைப்புக்கு அடுத்த பக்கத்தில் இருப்பதைப் படித்துவிட்டீர்களா? சென்ற ஆண்டு நான் எழுதிய கதையில் நாயகி மூன்றாம் பத்தியோடு காணாமல் போகிறாள். என் கவனக்குறைவுதான். அவள் எங்கே போனாள் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.